ஒடுக்கு எடுக்கணுமா, பூசி மறைக்கணுமா?

 

இந்த வாரம் கொஞ்சம் வேற மாதிரி ஒரு விஷயம். ஆரம்பத்துல கார், தகடு, பெயின்ட்னு போகும். "முருகன் பக்கத்துல மெக்கானிக் ஷெட் எதுக்கு?"ன்னு பாதியில மூடிடாதீங்க. கொஞ்ச நேரத்துல திருச்செந்தூர் கடற்கரைக்கு வந்துடுவோம்.

கேள்வி இதுதான். நமக்கு வேண்டிய ஒருத்தன் தப்பான வழியில போய், அடிபட்டு, நசுங்கி நிக்கிறான். சுத்தி இருக்கிற நாம என்ன செய்யணும்? ஒண்ணுமே நடக்காத மாதிரி மூடி, வெளியில பளபளன்னு காட்டணுமா? இல்ல, நேரம் எடுத்து உள்ளே இருந்து சரி பண்ணணுமா? ரெண்டுக்குமே "மன்னிச்சு ஏத்துக்கிட்டோம்"னு ஒரே பேரைத்தான் வெச்சிருக்கோம். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. இதை யோசிக்க எனக்கு ரொம்ப உதவினது, கார் கதவுல ஒடுக்கு எடுக்கிற வேலை.

*தகடும் பூச்சும்*

பித்தளைக் குடம் கீழே விழுந்தா "ஒடுக்கு விழுந்துடுச்சு"ன்னு வீட்டுல சொல்லுவாங்க. கார் கதவுல பக்கத்து வண்டிக் கதவு இடிச்சு குழி விழுந்தாலும் அதே ஒடுக்குதான். ஷெட்டுல அதை டென்ட்னு சொல்லுவாங்க.

அதைச் சரி பண்ண ரெண்டு வழி இருக்கு. முதல் வழி நமக்கெல்லாம் தெரிஞ்ச டிங்கரிங், பெயின்டிங். குழியை ஓரளவுக்கு வெளியே இழுத்து, மிச்சம் இருக்கிற பள்ளத்துல பட்டி போட்டு நிரப்பி, உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, அதுக்கு மேல கலர் அடிச்சு, கடைசியா கிளியர் கோட். வண்டி வெளியே வரும்போது புதுசு மாதிரி இருக்கும்.

ரெண்டாவது வழி, பெயின்ட்டைத் தொடாமலே ஒடுக்கை மட்டும் எடுக்கிறது. பெயின்ட்லெஸ் டென்ட் ரிப்பேர், சுருக்கமா பி.டி.ஆர். கதவோட உள்பக்கம் நீளமான வளைஞ்ச கம்பியை விட்டு, குழி விழுந்த இடத்தைப் பின்னாடி இருந்து கொஞ்சம் கொஞ்சமா தள்ளித் தள்ளி, பழைய வடிவத்துக்குக் கொண்டு வர்றது. பட்டி கிடையாது, பிரைமர் கிடையாது, கலர் கிடையாது.

"பெயின்ட்தானே, திரும்ப அடிச்சா என்ன?"ன்னு கேக்கலாம். அங்கதான் விஷயமே இருக்கு. தொழிற்சாலையில கார் பாடியை முழுசா ஒரு தொட்டியில முக்கி, மின்சாரம் பாய்ச்சி, துரு பிடிக்காம இருக்க முதல் பூச்சு கொடுக்கிறாங்க. அதுக்கு மேல பிரைமர், நிறம், கிளியர் கோட். எல்லாம் சேர்த்தாலும் தடிமன் பெரும்பாலும் 100-ல இருந்து 150 மைக்ரான்தான். சுமாரா ரெண்டு தலைமுடியைச் சேர்த்து வெச்ச அளவு. ஆனா அந்த மெல்லிசான பூச்சை 140 டிகிரி செல்சியஸ், சில அடுக்குகளுக்கு அதுக்கும் மேல, பெரிய அடுப்புல வேக வெச்சு இறுக வைக்கிறாங்க. அப்போ அது வெறும் இரும்புக் கூடு. சீட் இல்ல, ஒயர் இல்ல, ரப்பர் இல்ல. அதனால அந்தச் சூடு தாங்கும். முழுசா பூட்டின வண்டியை ஷெட்டுல அந்தச் சூட்டுல வைக்க முடியாது. அங்க 60 டிகிரி பக்கம்தான். அதனால ஷெட் பெயின்ட் எவ்வளவு நல்லா அடிச்சாலும், பிறந்தப்போ வந்த தோலுக்குச் சமமா ஆகிறது கஷ்டம்.

ஒருத்தனோட அசல் பூச்சு ஒரு தடவைதான் கிடைக்கும். அதை உரிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிக்கணும்.

*எது மடங்கியிருக்கு?*

ஒரு நண்பரோட காருக்காக இந்த வேலை நடக்கிறப்போ முழுசா பக்கத்துல நின்னு பார்த்தேன். அந்த அண்ணன் முதல்ல கம்பியை எடுக்கவே இல்ல. கறுப்பும் வெள்ளையுமா கோடு போட்ட ஒரு லைட்டைக் கதவுக்கு நேரா வெச்சார். பெயின்ட் மேல அந்தக் கோடுகள் கண்ணாடியில தெரியற மாதிரி தெரியுது. நல்ல இடத்துல கோடு நேரா ஓடுது. குழி இருக்கிற இடத்துல வளைஞ்சு நெளியுது. அவர் கையில இருக்கிற கம்பி முனை கதவுக்கு உள்ளே எங்கே இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கோடு அசையறதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கிறார். கவனிச்சுப் பாருங்க, பளபளப்பு இருந்தாத்தான் கோடு தெரியும். மிச்சம் இருக்கிற நல்லதுலதான் கெட்டது எங்கேன்னு படிக்க முடியுது.

பத்து நிமிஷம் பார்த்துட்டே இருந்தார். அப்புறம்தான் தள்ள ஆரம்பிச்சார். அதுவும் ஓரத்துல இருந்து. ஒவ்வொரு தள்ளும் ஊசி முனை அளவு. "ஒரே தள்ளுல எடுக்கலாம்னு நினைச்சா வெளிய புடைச்சுக்கும் தம்பி. குழியை விட புடைப்புதான் தொல்லை"ன்னார். சின்னதா புடைச்ச இடத்தை மழுங்கலான ஒரு முனையை வெச்சு மெதுவா தட்டி உள்ளே இறக்கினார். தள்ளறதும் தட்டறதும் மாறி மாறி, ஒரு உள்ளங்கை அளவு குழிக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு.

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடம் ஞாபகம் இருக்கும். தகட்டைக் கொஞ்சமா வளைச்சு விட்டா பழைய நிலைக்குத் திரும்பிடும். ஒரு எல்லையைத் தாண்டி வளைச்சா, விட்டாலும் வளைஞ்சே நிக்கும். கார் கதவோட தகடு ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. அதுல குழி விழும்போது, உள்ளங்கை அளவு இடம் உள்ளே போயிருக்கிற மாதிரி நமக்குத் தெரியுது. ஆனா அந்த எல்லையைத் தாண்டி உண்மையிலேயே மடங்கினது நடுவுல ஒரு சின்ன இடமும் சுத்தி ஒரு வரம்பும்தான். மத்த இடமெல்லாம் திரும்பி வரத் தயாராத்தான் இருக்கு. மடங்கின அந்தச் சின்ன இடம் அதைப் பிடிச்சு வெச்சிருக்கு. அதைச் சரியா விடுவிச்சா, மிச்ச தகடு தானா பழைய இடத்துக்கு வந்துடும்.

இதைத் தெரிஞ்சுக்கிட்டதுல இருந்து, "அவன் முழுசா கெட்டுட்டான்"னு யாராவது சொன்னா எனக்கு ஏத்துக்க முடியறதில்ல. எங்கே மடங்கியிருக்குன்னு யாராவது லைட் வெச்சுப் பார்த்தாங்களான்னுதான் கேக்கத் தோணுது.

*கால்கட்டு என்கிற பட்டி*

இப்போ மனுஷங்க கதைக்கு வருவோம். எங்க பாதயாத்திரை குழுவுல எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி. 26 வயசு. நல்ல வேலை. ராத்திரி போன்ல பணம் வெச்சு ரம்மி ஆட ஆரம்பிச்சு, சம்பளம் போச்சு, சேமிப்பு போச்சு, அப்புறம் லோன் ஆப்கள்ல வாங்கின கடனும் போச்சு. பணம் வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-ல மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டு வந்துச்சு. ஆனா சட்டம் வந்ததால பழைய கடன் அழியாது. ஆடணும்ங்கிற நமைச்சலும் அழியாது. கடைசியில கடன்காரங்க வீட்டு நம்பருக்கே போன் பண்ணப்போதான் அப்பா அம்மாவுக்குத் தெரிஞ்சுது.

வீட்டுல என்ன முடிவு பண்ணாங்க தெரியுமா? நகையை அடகு வெச்சு கடனை அடைச்சாங்க. பழனிக்குக் கூட்டிட்டுப் போய் மொட்டை போட்டாங்க. அப்புறம் எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்: "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடுவான்." பொண்ணு தேட ஆரம்பிச்சாச்சு.

அவங்க கெட்டவங்க இல்ல. பிள்ளை மேல உயிரையே வெச்சிருக்கிறவங்க. ஆனா இது அப்படியே டிங்கரிங் வேலை. பள்ளம் இருக்கிற இடத்துல பட்டி, அதுக்கு மேல பளபளன்னு கல்யாணக் கலர். தகடு எப்படி மடங்கியிருக்கோ அப்படியேதான் இருக்கு. இன்னொண்ணும் கவனிங்க. அந்தப் பட்டி யாரு? எங்கேயோ ஒரு வீட்டுல, இது எதுவுமே தெரியாம வளர்ந்த ஒரு பொண்ணு. நம்ம வீட்டுப் பள்ளத்தை நிரப்ப அடுத்த வீட்டுப் பொண்ணோட வாழ்க்கையைக் கரைச்சு ஊத்தறதுக்கு நமக்கு யாரு உரிமை கொடுத்தா?

மொட்டை போட்டது தப்பான்னா, இல்லவே இல்ல. நானும் பழனியில முடி கொடுக்கிறவன்தான். ஆனா முடி மூணு மாசத்துல திரும்ப வளர்ந்துடும். அதுக்குள்ள உள்வேலை ஆரம்பிக்கணும். காவடி, மாலை, விரதம் எல்லாமே அந்த உள்வேலைக்கு முருகன் கொடுத்த கம்பிகள். அதையே மேல்பூச்சா ஆக்கிடறது நாமதான்.

அந்த வீட்டுல தாய்மாமா மட்டும் ஒத்துக்கல. "முதல்ல பையன்கிட்ட உட்காருவோம்"னார். தினமும் வேலை விட்டு வந்ததும் அவன் பக்கத்துல உட்கார்ந்தார். ஒரு நோட்டுல எந்த ஆப்ல எவ்வளவுன்னு அவன் கையாலேயே எழுத வெச்சார். திட்டல, புத்தி சொல்லல. முதல் வாரம் அவன் பாதிக் கடனைத்தான் எழுதினான். மாமாவுக்கு அது தெரியும். கேக்கல. மூணாவது வாரம் மிச்சத்தையும் அவனே எழுதினான். அப்போதான் தெரிஞ்சுது, இது எல்லாம் ஆரம்பிச்சது பணத்தாசையால கூட இல்ல. கூடப் படிச்சவங்க எல்லாம் வீடு, கார்னு போறப்போ தான் மட்டும் பின்தங்கிட்டோம்னு ஒரு வெட்கம். அதை யார்கிட்டயும் சொல்ல முடியல. மடங்கின சின்ன இடம் அதுதான்.

மாமா கண்டுபிடிச்சதோட நிறுத்திக்கல. சம்பளத்துல செலவுக்குப் போக மிச்சம் அம்மா கணக்குக்குப் போற மாதிரி ஏற்பாடு. ராத்திரி போன் ஹால்ல. மாசம் ஒரு தடவை மனநல ஆலோசகர். நடுவுல ஒரு தடவை அவன் திரும்ப ஆடினான். வீடே இடிஞ்சு போச்சு. மாமா மட்டும் "புடைச்சிருக்கு, தட்டி இறக்கலாம்"ங்கிற மாதிரி மறுநாளும் வந்து அதே இடத்துல உட்கார்ந்தார்.

அடுத்ததுதான் அந்த வீட்டுல பெரிய சண்டை. "வர்ற சம்பந்தத்துக்கு இதைச் சொல்லணும்"னார் மாமா. அம்மா அழுதாங்க. கடைசியில முதல்ல வந்த பொண்ணு வீட்டுல சொன்னாங்க. அவங்க மரியாதையா வேண்டாம்னுட்டாங்க. அந்தத் தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகல. சொன்னதுக்கு விலை கொடுத்தாச்சு. அது சரிதானாங்கிறதுக்குக் கொஞ்சம் கழிச்சு வர்றேன்.

*மாமரத்தைப் பிளந்த வேல்*

இப்போ திருச்செந்தூர். ஐப்பசி சஷ்டிக்கு அந்தக் கடற்கரையில நின்னவங்களுக்குத் தெரியும், சூரன் தலை மாறி மாறி வருவான். யானை முகம், சிங்க முகம், சொந்த முகம், கடைசியில மாமரம். சின்ன வயசுல நமக்கு அது ஒரு காட்சி. கொஞ்சம் யோசிச்சா, அவன் திரும்பத் திரும்ப முகத்தைத்தான் மாத்தறான். உள்ளே இருக்கிறவன் மாறவே இல்ல.

கச்சியப்ப சிவாச்சாரியார் காஞ்சிபுரத்துல பாடின கந்தபுராணத்தை எடுத்துக்குங்க. சூரபத்மன் சாதாரண ஆள் இல்ல. கடுமையா தவம் பண்ணி சிவபெருமான்கிட்டயே வரம் வாங்கினவன். அவனோட உறுதி, ஆற்றல், தவம் எல்லாம் அசல் பூச்சு. மடங்கினது ஒரே இடம்: "நான்". அந்த ஒரு இடம் மத்த எல்லாத்தையும் பிடிச்சு உள்ளே இழுத்து வெச்சிருக்கு.

முருகன் என்ன செஞ்சார்? எடுத்ததும் வேலை விடல. முதல்ல வீரவாகுத் தேவரைத் தூது அனுப்பினார். தேவர்களைச் சிறையில இருந்து விட்டுடு, போதும்னு. கேக்கல. போர் வந்தும், நடுவுல தன்னோட பெரிய வடிவத்தைக் காட்டினார். அதைப் பார்த்து சூரனே ஒரு நிமிஷம் உருகி நின்னான்னு புராணம் சொல்லுது. அப்புறம் பழைய "நான்" திரும்ப வந்து இழுத்துக்கிச்சு. ஒவ்வொரு தள்ளும் முந்தினதை விடக் கொஞ்சம் பெருசு. கடைசியா மாமரமா உருமாறி நின்னப்போதான் வேல்.

"பிளந்துட்டாரே, இதுவா மென்மை?"ன்னு கேக்கலாம். வேல் எதைப் பிளந்துச்சுன்னு பாருங்க. அவன் போட்டுக்கிட்ட கடைசி வேஷத்தை. அப்போதும் மயிலும் சேவலுமா எதிர்த்துத்தான் வந்தான். முருகனோட அருள் பார்வை பட்டப்புறம்தான் அடங்கினான். எதிர்த்து நின்ன அதே ஆற்றல் இப்போ மயிலா சுமக்குது, சேவலா கொடியில நின்னு கூவுது. முருகன் அவனை அழிச்சிட்டு வேற புதுசா ஒருத்தனை வெச்சுக்கல. அவனையே ஏத்துக்கிட்டார். நம்ம பெரியவங்க இதை மறக்கருணைன்னு சொல்லுவாங்க. போர்க்கோலத்துல வர்ற அருள்.

இதுல நான் எடுத்துக்கிறது மூணு. எது மடங்கியிருக்குன்னு பார்க்கணும். சின்னதுல இருந்து ஆரம்பிக்கணும். நல்லதா இருக்கிறதைக் காப்பாத்தணும்.

*யாருக்குச் சொல்லணும்?*

பழைய கார் வாங்கப் போறவங்க கையில இப்போ ஒரு சின்னக் கருவி இருக்கு. பேனல் மேல வெச்சா பெயின்ட் தடிமன் எத்தனை மைக்ரான்னு காட்டும். 120 காட்டினா பெரும்பாலும் கம்பெனி பெயின்ட். 300 காட்டினா திரும்ப அடிச்சிருக்காங்க. 1000-த்தைத் தாண்டினா உள்ளே பட்டி இருக்குன்னு அர்த்தம். எவ்வளவு அழகா மறைச்சாலும் தடிமன் காட்டிக் கொடுத்துடும்.

ஆனா பி.டி.ஆர். பண்ணின கதவுல அந்தக் கருவிக்கு எதுவும் தெரியாது. பூச்சைத் தொடவே இல்லையே. அப்போ வண்டியை விக்கிறவர் "இங்க ஒடுக்கு இருந்துச்சு"ன்னு சொல்லணுமா?

என் பதில் இப்படி. போற வர்றவங்களுக்கெல்லாம் சொல்லத் தேவையில்ல. பானெட்டுல எழுதி ஒட்டவும் வேண்டாம். முழுசா எடுத்த ஒடுக்கால வாங்கறவருக்கு எந்தக் கெடுதலும் இல்ல. ஆனா அவர் கேட்டா பொய் சொல்லக் கூடாது. கருவிக்குத் தெரியாதுங்கிறது பொய் சொல்ல அனுமதி ஆகாது.

மனுஷன் விஷயத்துல இன்னும் ஒரு படி மேல போகணும். கதவு சரியாயிடுச்சான்னு லைட் வெச்சுப் பார்த்துடலாம். மனசு சரியாயிடுச்சான்னு அப்படி உறுதியா யாரும் சொல்ல முடியாது. அதனால கூடவே பயணம் பண்ணப் போறவங்க கேக்காட்டியும் சொல்லித்தான் ஆகணும். அதே சமயம், குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல இருக்கிற நாப்பது பேருக்கு அது தெரியவே வேண்டாம். சொந்தக்காரங்ககிட்ட மறைக்கிறது அவன் மானத்தைக் காக்கிறது. கட்டிக்கப் போறவள்கிட்ட மறைக்கிறது ஏமாத்து. இந்த ரெண்டையும் நம்ம வீடுகள்ல தலைகீழா செய்யறோம். ஊருக்கெல்லாம் கிசுகிசுவா தெரிஞ்சிருக்கும். அந்தப் பொண்ணுக்கு மட்டும் தெரியாது.

அருணகிரிநாதரை நினைச்சுப் பாருங்க. இளமையில வழி தவறினார், வாழ்க்கை வெறுத்து திருவண்ணாமலை கோபுரத்துல இருந்து குதிச்சார், முருகன் தாங்கிப் பிடிச்சார்னு அவர் கதையைச் சொல்லுவாங்க. இன்னிக்கு நமக்குக் கிடைச்சிருக்கிற திருப்புகழ் பாடல்கள் 1,300-க்கும் மேல. அதைப் பாடற அதே வாயாலதான் அந்தப் பழைய கதையையும் சொல்றோம். பெரிய மகானாச்சே, அந்தப் பகுதியை மட்டும் பூசி மறைச்சிடலாம்னு நம்ம மரபு நினைக்கல. பாட்டுலயும் அந்த மயக்கங்களைத் திரும்பத் திரும்ப அவரே சொல்லி உருகறார். மயிலைப் பார்க்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் அது சூரன்னு சொல்லித்தான் வளர்க்கிறோம். அதனால மயிலோட மதிப்பு குறைஞ்சுதா? பழசு தெரிஞ்சிருந்தும் நெஞ்சுல இடம் கிடைக்கிறதுதான் ஏத்துக்கிறது. தெரியாததால கிடைக்கிற இடம் எப்போ வேணும்னாலும் பறிபோகும். அந்தத் தம்பிக்கு ஒரு சம்பந்தம் போனது நிஜமான இழப்பு, அதைச் சின்னதா சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கு அவனைத் தெரிஞ்சே ஒருத்தி கைபிடிச்சா, அவன் ராத்திரி பயமில்லாம தூங்கலாம்.

*பெயின்ட் வெடிச்சிருந்தா*

இதைச் சொல்லாம முடிச்சா இந்தக் கட்டுரையே ஆபத்து. அதனால தெளிவா சொல்லிடறேன்.

எல்லா ஒடுக்கையும் இப்படி எடுக்க முடியாது. நல்ல பி.டி.ஆர். ஆள் பல வண்டிகளைத் திருப்பி அனுப்பிடுவார். பெயின்ட் வெடிச்சிருந்தா, கத்தி மாதிரி கூரா மடிஞ்சிருந்தா, தகடு ரொம்ப நீண்டு போயிருந்தா, ஏற்கெனவே அங்கே பட்டி இருந்தா, இந்த வேலை சரிப்படாது. வெடிச்ச இடத்தை அப்படியே விட்டா உள்ளே துரு ஏறும். அதைச் சுரண்டி, சுத்தம் பண்ணி, பெயின்ட் அடிச்சே ஆகணும். சில சமயம் அந்தப் பேனலையே கழட்டி மாத்தணும்.

நம்ம ஊர்ல புருஷன் கை ஓங்கிட்டு வர்ற வீடுகள்ல, அந்தப் பொண்ணுகிட்ட "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, அவன் மெதுவா திருந்துவான்"னு சொல்றவங்க இருக்காங்க. அவங்க இந்தக் கட்டுரையைத் துணைக்குக் கூப்பிடக் கூடாது. அது ஒடுக்கு இல்ல, உடைசல். அங்க முதல் வேலை அந்தப் பொண்ணு பத்திரமா வெளியே வர்றது. 181-ங்கிற பெண்கள் உதவி எண் அதுக்குத்தான் இருக்கு. அவன் திருந்தறது அவனோட பாடு, அதுக்கு அவ உடம்பு பட்டறை ஆகக் கூடாது. முருகன் கூட சூரனைத் திருத்தணும்னு தேவர்களை அவன் சிறையிலேயே விட்டு வைக்கலையே. முதல் தூதே "அவங்களை விடுதலை பண்ணு"ங்கிறதுதான்.

அதே மாதிரி, யார் தள்ளணும்ங்கிறதும் முக்கியம். பின்னாடி இருந்து தள்ளணும்னா உள்ளே போக வழி வேணும். அந்தத் தம்பி வாழ்க்கையில மாமாவுக்கு அந்த வழி இருந்துச்சு. வழி இல்லாத நாம வெளியில நின்னு அறிவுரை ஃபார்வர்ட் பண்ணினா அது சுத்தியல் அடிதான். குழி இன்னும் ஆழமாகும். அப்படிப்பட்ட இடத்துல வாயை மூடிட்டு, அவனுக்கு நெருக்கமானவங்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறது பெரிய உதவி.

ஒடுக்கு எடுக்கிற இடத்துல முதல்ல தகட்டைக் கொஞ்சம் சூடு காட்டுவாங்க. குளிர்ல விறைச்சிருக்கிற பெயின்ட் தள்ளும்போது வெடிக்கும், இதமா இருந்தா வளைஞ்சு கொடுக்கும். நம்ம வீட்டுல யாராவது விறைச்சுப் போய் மூலையில உட்கார்ந்திருந்தா, கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி ஒரு தட்டு சாப்பாடு வெச்சுக் கொடுங்க. கேள்வி அப்புறம் கேட்டுக்கலாம்.

வர்ற சஷ்டிக்கு விளக்கு ஏத்தும்போது நான் ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன், விருப்பம் இருந்தா நீங்களும் செய்யுங்க. உங்களுக்கு உள்ளே போக வழி இருக்கிற ஒரே ஒரு ஆளை நினைச்சுக்குங்க. அவர் திருந்தணும்னு வேண்டிக்க வேண்டாம். அவர் பக்கத்துல உட்கார எனக்குப் பொறுமை கொடு முருகான்னு வேண்டிக்குங்க. பூஜை முடிஞ்சதும் போன் பண்ணி "சாப்பிட்டியா?"ன்னு கேளுங்க. அன்னிக்கு அது போதும்.

வேலும் மயிலும் சேவலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!